விண்ணிலிருந்து நில அமிழ்வை அளத்தல்: மெக்சிகோ நகரை முன்வைத்து ரேடார் குறுக்கீட்டு அளவியல் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

செயற்கைக்கோள் ரேடார் படிமங்களைக் கொண்டு புவிப்பரப்பின் மிகச் சிறிய நகர்வுகளையும் கண்டறிய இயலும் என்பது இன்று பரவலாக அறியப்பட்ட செய்தியாகும். எனினும் ரேடார் நேரடியாக அளப்பது நகர்வு அன்று. இரு வேறு நாள்களில் தரையிலிருந்து திரும்பி வந்த அலைகளுக்கு இடையிலான கட்ட வேறுபாடே ஆகும். அவ்வேறுபாட்டிலிருந்து 'இவ்விடம் ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது' என்னும் முடிவை எட்டுவதற்குச் சில படிகளைக் கடக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு படியிலும் படிமத்திற்கு வெளியிலிருந்து ஓர் அறிவு தேவைப்படுகிறது. உலகில் மிக விரைவாக அமிழ்ந்துவரும் பெருநகரங்களுள் ஒன்றான மெக்சிகோ நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்படிகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: ரேடார், கட்ட வேறுபாடு, குறுக்கீட்டுப் பட்டை, நில அமிழ்வு, நிலத்தடி நீர், மெக்சிகோ நகரம்.

முன்னுரை

மெக்சிகோ நகரின் ரெஃபோர்மா பெருஞ்சாலையில் விடுதலைத் தேவதை எனப்படும் நினைவுத்தூண் நிற்கிறது. நாட்டின் விடுதலைப் போராட்டம் தொடங்கிய நூற்றாண்டு நிறைவையொட்டி 1910இல் அது திறக்கப்பட்டது. ஆழமான அடித்தளத் தூண்களின் மேல் எழுப்பப்பட்டமையால் நினைவுத்தூண் ஏறத்தாழ நிலைத்து நிற்க, அதனைச் சூழ்ந்த தெரு கீழிறங்கிக்கொண்டே சென்றது. தெருவுக்கும் மேடைக்கும் இடையே உண்டான இடைவெளியை நிரப்பப் பின்னாளில் 14 படிகள் சேர்க்கப்பட்டன. நகரம் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் காண விரும்புவோர்க்கு அப்படிகளே அளவுகோலாக அமைந்துள்ளன.

ஆனால் ஒரு நினைவுத்தூண் ஓரிடத்தின் நிலையை மட்டுமே காட்டும். நகரின் எப்பகுதி எவ்வேகத்தில் தாழ்கிறது, அவ்வேகம் மாறுகிறதா, இரு அண்டைத் தெருக்களுக்கு இடையே வேறுபாடு எவ்வளவு என்னும் வினாக்களுக்கு விடைகாண நகர் முழுவதையும் ஒருசேர அளக்கும் முறை வேண்டும். அத்தகைய முறையே இன்சார் எனச் சுருக்கமாக வழங்கும் ரேடார் குறுக்கீட்டு அளவியலாகும். அது தரும் வண்ணப் படங்கள் கவர்ச்சியானவை. அவற்றை எவ்வாறு வாசிப்பது, எங்கே ஐயுறுவது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நில அமிழ்வின் பின்புலம்

மெக்சிகோ நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு வடிநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அஸ்டெக் மக்களின் தலைநகரான டெனோச்டிட்லான், டெக்ஸ்கோகோ ஏரியின் தீவொன்றில் இருந்தது. 1521இல் ஸ்பானியர் அதனைக் கைப்பற்றிய பின்னர், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் ஏரிகள் பெரும்பாலும் வடிக்கப்பட்டன. இன்றைய நகரின் பெரும்பகுதி அந்த ஏரிப்படுகையின் மீது பரந்துள்ளது. எரிமலைச் சாம்பல் கலந்த அப்படுகைக் களிமண் தன் உலர் எடையைப் போலப் பன்மடங்கு நீரைத் தன்னுள் கொண்டது.

இக்களிமண்ணுக்குக் கீழே மணலும் சரளையும் நிறைந்த நீர்த்தாங்கி உள்ளது. நகரின் குடிநீரில் பெரும்பங்கு அதிலிருந்தே இறைக்கப்படுகிறது. மேலுள்ள சுமையைக் களிமண் துகள்களும் அவற்றின் இடைவெளியிலுள்ள நீரின் அழுத்தமும் பகிர்ந்து தாங்குகின்றன. நீர்த்தாங்கியில் அழுத்தம் குறையுங்கால் களிமண்ணிலிருந்து நீர் மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. நீர் தாங்கிய சுமை துகள்களின் மேல் விழுகிறது. துகள்கள் நெருங்கி அடுங்குவதால் நிலம் தாழ்கிறது. பொறியாளர் ராபர்டோ கயோல் நகரின் அமிழ்வை 1925இல் எடுத்துரைத்தார். அதற்கும் நிலத்தடி நீர் இறைப்புக்கும் உள்ள தொடர்பை 1940களின் பிற்பகுதியில் நபோர் கரியோ நிறுவினார். ஆகவே அமிழ்வின் காரணம் செயற்கைக்கோள்களுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அதன் இடப்பரவலும் காலப்போக்கும் முழுமையாக அறியப்படாதிருந்தன.

ரேடார் அளப்பது எது?

ரேடார் செயற்கைக்கோள் நுண்ணலைத் துடிப்புகளைத் தரையை நோக்கிச் சாய்வாக அனுப்பி, அவற்றின் எதிரொலியைப் பெறுகிறது. சூரிய ஒளி தேவையின்மையால் இரவிலும், நுண்ணலை முகிலை ஊடுருவுவதால் மழைக்காலத்திலும் இது இயங்கும். பாதையில் நகர்ந்தவாறே பெறும் எதிரொலிகளை ஒன்றிணைத்துக் கணக்கிடுவதன்மூலம், மிகப்பெரிய அலைவாங்கி ஒன்று தரக்கூடிய தெளிவை ஒரு சிறிய அலைவாங்கியைக் கொண்டே பெற முடிகிறது. செயற்கைத் துளை ரேடார் என்னும் பெயர் இதனாலேயே வந்தது.

படிமத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு செய்திகள் பதிவாகின்றன. ஒன்று, எதிரொலியின் வலிமையைக் குறிக்கும் வீச்சு. மற்றொன்று, திரும்பி வந்த அலை தன் சுழற்சியின் எந்நிலையில் உள்ளது என்பதைக் குறிக்கும் கட்டம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் அலைநீளம் ஏறத்தாழ 5.6 செ.மீ. ஆகும். தரைக்கும் அதற்கும் இடையிலான சாய்தொலைவை ஏறத்தாழ 850 கி.மீ. எனக் கொண்டால், அலை சென்று திரும்பும் வழியில் 3 கோடி முழு அலைகள் அடங்கும். இம்முழு அலைகளின் எண்ணிக்கையைக் கட்டம் கூறுவதில்லை. கடைசியில் எஞ்சும் அலைப்பகுதியை மட்டுமே அது கூறுகிறது.

ஒரே இடத்தை ஏறத்தாழ ஒரே கோணத்தில் வேறொரு நாளில் மீண்டும் படம்பிடித்து, இரு கட்டங்களையும் கழித்தால் கிடைப்பது கட்ட வேறுபாடாகும். தரை செயற்கைக்கோளிலிருந்து 2.8 செ.மீ. விலகினால், அலை போகவும் வரவுமாக 5.6 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். கட்டம் ஒரு முழுச்சுற்றைக் கடந்துவிடும். படத்தில் இது வண்ணங்களின் ஒரு முழுவரிசையாக, அதாவது ஒரு குறுக்கீட்டுப் பட்டையாகத் தோன்றும். முழுச்சுற்றின் சிறு பகுதியையும் பிரித்தறிய இயலும் என்பதனாலேயே மில்லிமீட்டர் அளவிலான நுண்மை வாய்க்கிறது.

முறையின் வளர்ச்சி

1978இல் ஏவப்பட்டுச் சில மாதங்களே இயங்கிய சீசாட் செயற்கைக்கோளின் தரவைக் கொண்டு, கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பாசன வயல்களின் பரப்பில் நேர்ந்த சிறு மாற்றங்களைக் கேப்ரியல், கோல்ட்ஸ்டைன், ஸெப்கர் ஆகியோர் 1989இல் வெளியிட்டனர். 1992 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் லேண்டர்ஸ் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் இடப்பெயர்ச்சிப் புலத்தை, ஈ.ஆர்.எஸ்-1 தரவிலிருந்து திதியே மசோனே தலைமையிலான குழுவினர் 1993இல் படமாக வெளியிட்டனர். பிளவைச் சூழ்ந்து நெருங்கிச் செல்லும் பட்டைகளைக் கொண்ட அப்படமே இம்முறையைப் புவியறிவியலாரிடையே நிலைநிறுத்தியது எனலாம்.

அடுத்த பெருமாற்றம் 2001இல் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃபெரெட்டி, பிராட்டி, ரோக்கா ஆகியோரால் நிகழ்ந்தது. இரு படிமங்களை மட்டும் ஒப்பிடுவதற்கு மாறாக, பல படிமங்களில் நிலையான எதிரொலி தரும் புள்ளிகளைத் தேர்ந்து அவற்றின் நகர்வைக் காலவரிசையில் பின்தொடரும் முறையை அவர்கள் வகுத்தனர். கட்டடங்களும் பாலங்களும் நிறைந்த நகரங்களுக்கு இது பெரிதும் பொருந்தியது.

கட்டத்திலிருந்து நகர்வுக்கு: நான்கு படிகள்

1. விடுபட்ட சுற்றுகளை மீட்டல்

கட்டம் ஒரு முழுச்சுற்றுக்குள் அடங்கியது. 1 செ.மீ. நகர்வும், 3.8 செ.மீ. நகர்வும் சென்டினல்-1 படிமத்தில் ஒரே கட்டத்தையே தரும். எனவே அண்டைப் புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு அரைச்சுற்றுக்கு மிகாது என்னும் எடுகோளின்மேல் சுற்றுகள் கூட்டிக்கொண்டு செல்லப்படுகின்றன. இவ்வெடுகோள் எங்கே பிழைக்குமோ அங்கே விடையும் பிழைக்கும்.

மெக்சிகோ நகரில் இவ்வினா மிகக் கூர்மையானது. அங்கு மிக விரைவாகத் தாழும் இடங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 செ.மீ. அமிழ்கின்றன. 35 நாள்களுக்கு ஒருமுறை படம்பிடித்த ஈ.ஆர்.எஸ்., என்விசாட் ஆகியவற்றின் காலத்தில், அடுத்தடுத்த இரு படிமங்களுக்கு இடையே நிலம் கிட்டத்தட்ட 4.8 செ.மீ. இறங்கிவிடும். அஃதாவது, நிலையான மலைப்பகுதியோடு ஒப்பிட ஒன்றரைப் பட்டைக்கும் மேல். ஓராண்டு இடைவெளியுள்ள படிமங்களிலோ பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, ஏரிப்படுகையின் விளிம்பில் பிரித்தறிய இயலாதவாறு போகும். ஒரு பட்டையை விட்டு எண்ணினாலும் 2.8 செ.மீ. பிழை நேரும். அப்பிழை அவ்விடத்தோடு நில்லாது, எண்ணும் வழியில் அடுத்துள்ள பரப்பு முழுவதிலும் பரவும். 12 நாள்களுக்கு ஒருமுறை வரும் சென்டினல்-1 படிமங்களில் இதே அமிழ்வு 1.6 செ.மீ. அளவிலேயே அமைகிறது. படிமம் அடிக்கடி கிடைப்பதன் பயன் இங்கே தெளிவாகிறது.

2. சாய்பார்வைத் திசையிலிருந்து செங்குத்துக்கு

ரேடார் சாய்வாகப் பார்ப்பதால், அது காண்பது தன் பார்வைக்கோட்டின் திசையில் விழும் நகர்வுக்கூறு மட்டுமே. செங்குத்துக்கோட்டிலிருந்து 39 பாகை சாய்ந்து பார்க்கும்போது, 50 செ.மீ. நேர்க்கீழ் அமிழ்வு 39 செ.மீ. நகர்வாகவே பதிவாகும். நகர்வு முழுவதும் செங்குத்தானது என்று கொண்டால் எளிய வகுத்தலால் திருத்திவிடலாம். ஆனால் அமிழும் பள்ளத்தின் விளிம்பில் தரை நடுப்பகுதியை நோக்கிக் கிடைமட்டமாகவும் இழுபடுகிறது. அங்கு இவ்வெளிய திருத்தம் பொருந்தாது.

செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்காகச் செல்லும் பாதையிலும் வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் பாதையிலும் எடுத்த படிமங்களை இணைத்தால், செங்குத்து நகர்வையும் கிழக்கு மேற்கு நகர்வையும் பிரிக்கலாம். பாதைகள் ஏறத்தாழ முனைகளுக்கிடையே அமைவதால் வடக்கு தெற்கு நகர்வு பார்வைக்கோட்டில் மிகச் சிறிதே விழுகிறது. எனவே வடக்கு நோக்கிச் சரியும் மலைச்சரிவொன்று விரைந்து நகர்ந்தாலும் படத்தில் ஏறத்தாழ அசையாதது போலவே தோன்றக்கூடும்.

3. ஒப்பீட்டுப் புள்ளியைத் தேர்தல்

குறுக்கீட்டு அளவியல் தரும் எண்கள் யாவும் ஒப்பீட்டு எண்களே. ஒரு புள்ளியை அசையாதது எனக் கொண்டு பிற புள்ளிகளின் நகர்வு கூறப்படுகிறது. அப்புள்ளி தானே தாழ்ந்துகொண்டிருந்தால், நகரம் முழுவதும் மெய்யான அளவினும் குறைவாகத் தாழ்வதாகத் தோன்றும்; நிலையான இடங்களோ மேலெழுவதாகக் காட்சி தரும். மெக்சிகோ நகரின் நிலவகைப்பாடு மேட்டு மண்டலம், இடைமண்டலம், ஏரி மண்டலம் என மூவகைப்பட்டது. திடமான எரிமலைப் பாறைகளாலான மேட்டு மண்டலத்தில் ஒப்பீட்டுப் புள்ளியைத் தேர்ந்து, அதனை ஜி.பி.எஸ். நிலைய அளவுகளோடு சரிபார்த்தல் இங்கு தக்க வழியாகும். ஓர் ஆய்வேட்டில் நகர்வுப் படம் காட்டப்படுமிடத்து ஒப்பீட்டுப் புள்ளி எங்குள்ளது என்பதை வாசகர் முதலில் தேடுதல் வேண்டும்.

4. வளிமண்டலத்தை விலக்குதல்

நீராவி மிகுந்த காற்றின் வழியே செல்லும் நுண்ணலை சற்றே தாமதிக்கிறது. அத்தாமதமும் கட்ட வேறுபாடாகவே பதிவாகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதத்தில் இடத்தாலும் காலத்தாலும் நேரும் 20 விழுக்காட்டு மாற்றம், நகர்வு அளவீட்டில் 10 முதல் 14 செ.மீ. வரை பிழையை உண்டாக்கக்கூடும் என ஸெப்கர், ரோசன், ஹென்ஸ்லி ஆகியோர் 1997இல் காட்டினர்.

இதன் விளைவை எட்னா எரிமலை ஆய்வு வரலாறு நன்கு உணர்த்துகிறது. 1991 முதல் 1993 வரை நீடித்த வெடிப்பின்போது அம்மலை முழுவதும் சுருங்கித் தாழ்ந்ததாக 1995இல் ரேடார் படங்களின் அடிப்படையில் அறிவிக்கப்பட்டது. மலையைச் சுற்றி ஒழுங்காக அமைந்த பட்டைகள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. ஆனால் மலையுச்சிக்கு மேலுள்ள காற்றைவிட அடிவாரத்திற்கு மேலுள்ள காற்று தடிப்பானது. இரு நாள்களுக்கிடையே ஈரப்பதம் மாறினால், மலை அசையாமலேயே அதன் உயரத்தைப் பின்பற்றிப் பட்டைகள் தோன்றும். 2000இல் பொடுசெல், பிரியோல், ஃப்ரோஜே ஆகியோர் செய்த மறுஆய்வு, மலை முழுவதும் பரவிய அப்பட்டைகளில் வளிமண்டல விளைவே மேலோங்கியது எனக் காட்டியது. இவர்களுள் பிரியோல் 1995ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பல படிமங்களைக் கோத்து நோக்குவது இப்பிழையைக் குறைக்கும். ஒரு படிம இணையில் வளிமண்டலப் பிழை 3 செ.மீ. எனக் கொள்வோம். இடைவெளி ஓராண்டாயின் வேகக் கணக்கில் ஆண்டுக்கு 3 செ.மீ. பிழை நேரும். இடைவெளி ஐந்தாண்டாயின் அது 0.6 செ.மீ. ஆகக் குறையும். இடையிலுள்ள படிமங்களையும் பயன்படுத்தினால் இன்னும் குறையும். ஆண்டுக்கு 50 செ.மீ. தாழும் இடத்தில் இப்பிழை பொருட்படுத்தத்தக்கதன்று. ஆண்டுக்கு 5 மி.மீ. தாழும் இடத்தில் அதுவே அளவீட்டை விழுங்கிவிடும். மேலும், சராசரியெடுத்தல் ஒழுங்கற்ற பிழைகளையே நீக்கும். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மீண்டும் வரும் நீராவித் தாமதத்தை அது நீக்காது. நிலத்தடி நீர்மட்டமும் அதே பருவத்தில் ஏறி இறங்குவதால், பருவகால நகர்வு குறித்த முடிவுகளில் தனிக் கவனம் வேண்டும்.

எதிரொலிக்கும் பொருள் எது?

நான்கு படிகளையும் பிழையின்றிக் கடந்த பின்னரும் ஒரு வினா எஞ்சுகிறது. நகர்ந்ததாகக் காட்டப்படுவது நிலமா, நிலத்தின்மேல் நிற்கும் கட்டடமா? நகரில் வலுவான எதிரொலியைத் தருபவை பெரும்பாலும் சுவர்களும் கூரைகளுமே. கடினமான அடியடுக்கு வரை இறங்கும் தூண்களின்மேல் நிற்கும் கட்டடம், தன்னைச் சூழ்ந்த களிமண் தாழும்போது உடன் தாழ்வதில்லை. விடுதலைத் தேவதையைப் போன்ற கட்டுமானம் படிமத்தில் நிலையான புள்ளியாகத் தோன்றினால், அதனைக் கொண்டு அவ்விடத்து நிலம் நிலையானது என முடிவுசெய்தல் தவறாகும். அடித்தள வகை பற்றிய பொறியியல் அறிவின்றி நகர்வுப் படத்தைத் தெருவளவில் வாசிக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

மெக்சிகோ நகரம் கற்பிப்பது

முன்னர்க் கூறிய திருத்தங்களுடன் பெறப்பட்ட நகர்வுப் படங்கள் மெக்சிகோ நகரைப் பற்றி மூன்று செய்திகளைத் தெளிவாக்கியுள்ளன.

முதலாவது, அமிழ்வின் இடப்பரவல் களிமண்ணின் தடிப்பைப் பெரிதும் பின்பற்றுகிறது. பாறை மேடுகள் ஏறத்தாழ அசைவற்றிருக்க, கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள முன்னாள் ஏரிப்பகுதிகள் மிக விரைந்து தாழ்கின்றன.

இரண்டாவது, சேதம் விளைவிப்பது அமிழ்வின் மொத்த அளவைக் காட்டிலும் இடத்திற்கிடம் உள்ள அதன் வேறுபாடே. ஒரே சீராகத் தாழும் தெருவில் சுவர் வெடிப்பதில்லை. பாறையும் களிமண்ணும் சந்திக்கும் எல்லையில் தரை பிளக்கிறது, குழாய்கள் உடைகின்றன. பழைய அஸ்டெக் கட்டுமானங்களின்மேல் எழுந்த பெருங்கோயில் சீரற்றுச் சாய்ந்தமையால், 1990களில் அதன் உயர்ந்த பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிச் சமப்படுத்தும் பணி மேற்கொள்ளப்பட்டது. 1900இல் திறக்கப்பட்ட பெருங்கழிவுநீர்க் கால்வாய், வழிநெடுகத் தரை சீரின்றித் தாழ்ந்ததால் தன் இயல்பான சரிவை இழந்தது.

மூன்றாவதும் மிகக் கவலைக்குரியதுமான செய்தி, அமிழ்வின் மீளாத்தன்மையாகும். எஸ்டெல் ஷோசார் உள்ளிட்டோர் 115 ஆண்டு நில அளவீடுகளையும் 24 ஆண்டு ரேடார் தரவையும் இணைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, அமிழ்வின் வேகம் நெடுங்காலமாக ஏறத்தாழ மாறாதிருப்பதைக் காட்டியது. மேற்களிமண் அடுக்கு இதுவரை ஏறக்குறைய 17 விழுக்காடு இறுகியுள்ளது. அது 30 விழுக்காடு வரை இறுகக்கூடும் எனவும், முழு இறுக்கத்தை எட்ட ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகும் எனவும் அவ்வாய்வு மதிப்பிடுகிறது. இறுகிய களிமண்ணில் நீரை மீண்டும் செலுத்தினாலும் இழந்த உயரமும், நீரைத் தேக்கும் இழந்த கொள்ளளவும் பெரும்பாலும் மீளா. அமிழ்வின் வேகம் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்றத்தாழ்வைப் பின்பற்றாது மாறாதிருப்பதே, களிமண் பழைய இறைப்பின் விளைவை இன்னும் சுமந்து மெல்ல இறுகிவருவதை உணர்த்துகிறது.

நிசாரும் புதிய வாய்ப்புகளும்

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய செயற்கைக்கோளாகும். நாசா வழங்கிய எல்-அலைவரிசை ரேடாரும் இஸ்ரோ வழங்கிய எஸ்-அலைவரிசை ரேடாரும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. 12 நாள்களுக்கு ஒருமுறை அது தன் பாதையை மீண்டும் கடக்கிறது. எல்-அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 24 செ.மீ. ஆதலால் ஒரு பட்டை 12 செ.மீ. நகர்வைக் குறிக்கும். மெக்சிகோ நகரின் 12 நாள் அமிழ்வு அதில் ஒரு பட்டையின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஆகும். எனவே சுற்றுகளை எண்ணுவதில் நேரும் பிழை பெரிதும் குறையும். நீண்ட அலை தாவர இலைகளை ஊடுருவுவதால், குறுகிய அலைகளுக்கு எட்டாத வயல்களிலும் காடுகளிலும் படிமங்களுக்கிடையே ஓரியல்பு நெடுநாள் நிலைக்கும்.

எனினும் இதற்கும் ஒரு விலையுண்டு. நீண்ட அலைகள் அயனி மண்டலத்தால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றன. ஒரு பிழை குறையுமிடத்து மற்றொன்று பெருகுகிறது. நிலத்தடி நீர் இறைப்பு மிகுந்த இந்தியச் சமவெளிகளை இத்தரவு கொண்டு ஆராய முனைவோர்க்கு மேற்கூறிய நான்கு படிகளும் அவ்வாறே பொருந்தும்.

முடிவுரை

ரேடார் குறுக்கீட்டு அளவியல், தரையில் கால்பதிக்காமலேயே ஒரு நகரத்தின் நகர்வை ஒருசேர அளக்கும் ஆற்றலை அளித்துள்ளது. ஆயினும் அதன் படங்கள் நேரடிச் சான்றுகள் அல்ல. பல எடுகோள்களின் வழியே பெறப்பட்ட முடிவுகள். சுற்றுகள் எவ்வாறு எண்ணப்பட்டன, எத்திசை நகர்வு அளக்கப்பட்டது, எப்புள்ளி அசையாதது எனக் கொள்ளப்பட்டது, வளிமண்டல விளைவு எவ்வாறு நீக்கப்பட்டது, எதிரொலித்த பொருள் எது என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை கூறும் படமே நம்பத்தக்கதாகும்.

இவ்வினாக்கள் ஆய்வுக்கூடத்தோடு முடிபவை அல்ல. நகர்வை மிகைப்படுத்திக் காட்டும் படம் மக்களை வீணே அச்சுறுத்தும். குறைத்துக் காட்டும் படம் திருத்திக்கொள்ள வேண்டிய காலத்தைக் கடத்திவிடும். மெக்சிகோ நகரின் களிமண் காட்டுவதுபோல், நிலத்தின் இழப்புகளுள் சில மீட்கவியலாதவை. அமிழ்வை அளப்பதில் காட்டும் கவனம், அமிழ்வு தொடங்கும் முன்னரே நீரைக் காப்பதற்கான காலத்தை ஒரு நகரத்திற்குப் பெற்றுத் தரக்கூடும்.